சந்திரமோகன் வண்டியின் நான்காவது கிளட்ச்

சுதாகர், தந்தை பெயர் பொன்னுசாமி. பிறந்தது 1990 ஆகஸ்ட் 17, பெரணமல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில். தொழிற்பயிற்சிப் படிப்பு முடிந்தது 2009இல். அடுத்த ஆறு ஆண்டுகள் போளூரில் ஒருவரிடம் வேலை. 2015 செப்டம்பர் 7 முதல் ஆரணியில், சேத்துப்பட்டு சாலையில், இருசக்கர வண்டிகளுக்கான சொந்தப் பழுதுபார்ப்புக் கடை. கடையின் நீளம் பதினாறு அடி, அகலம் ஒன்பது அடி. வரும் ஒவ்வொரு வண்டிக்கும் தேதி, பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், மீட்டர் அளவு, கோளாறு, செய்த வேலை என்று ஐந்து பத்திகள் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. இப்போது நடப்பது பதினோராவது நோட்டு. அதில் 7316 என்ற எண்ணுக்கு உரிய முதல் மூன்று பதிவுகள் வருமாறு:

2024 பிப்ரவரி 9, வெள்ளி. 38,214. கிளட்ச் சறுக்கல். பிளேட் செட் மாற்றியது. லீவர் அடியில் அரக்கு நிற நூல் துணுக்கு, ஊதி எடுத்தது.

ஏப்ரல் 8, திங்கள். 40,105. மறுபடியும் சறுக்கல். பிளேட் செட், ஸ்பிரிங் நான்கு, கேபிள் மாற்றியது.

ஜூன் 6, வியாழன். 41,930. மறுபடியும். பிளேட் செட், பிரஷர் பிளேட், ஆயில் மாற்றியது. லீவர் அடியில் நூல், ஊதி எடுத்தது.

மூன்று தேதிகளும் அமாவாசை. அதில் வியப்பதற்கு எதுவும் இருப்பதாகச் சுதாகர் நினைக்கவில்லை. ஆரணியில் தறிகள் அமாவாசைக்கு ஓய்வெடுக்கும். நெசவுத் தெரு ஆட்கள் தங்கள் வண்டிகளைக் கடைக்குக் கொண்டுவருவதும் அன்றைக்குத்தான். மற்ற நாள்களில் நான்கு வண்டிகள் நிற்கிற கடையில் அமாவாசையன்று பதினான்கு நிற்கும். அந்தத் தெருவின் வண்டிகள்தாம் கடைக்குச் சோறு போட்டன.

7316 சந்திரமோகனுடைய வண்டி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் ஒரு தறி. அது போக, சேலையின் நீளவாட்டு இழைகளான பாவையும் குறுக்கிழையான ஊடைப் பட்டு நூலையும் சுற்று ஊர்களில் நாற்பது தறிகளுக்கு வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருவது அவர் வேலை. அவர் எந்தக் கடையில் டீ குடிக்கிறாரோ அந்தக் கடையில்தான் தெருவும் டீ குடிக்கும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சுதாகர் கடை திறந்தபோது முதல் மாதத்திலேயே வந்தவர் அவர். அவருக்குப் பின்னால் தெரு வந்தது.

கிளட்ச் என்பது அடிப்படையில் எளிய பொருள். இடக்கை லீவரை விட்டிருக்கும்போது பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். லீவரைப் பிடித்தால் பிடி தளரும். பிடித்தும் பிடிக்காத நிலையில் வண்டி ஓடினால் பிளேட்டுகள் உரசி எரியும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் அலறுமே தவிர வண்டி நகராது. அதனால்தான் லீவர் கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் சற்றே தொளதொளவென்று ஆட வேண்டும். அந்த ஆட்டத்துக்குப் பட்டறைப் பேச்சில் ‘ப்ளே’ என்று பெயர். லீவரின் அடிக்கும் அதைத் தாங்கும் பிடிமானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு நுழைந்து வெளிவர வேண்டும் என்பது சுதாகரின் கணக்கு. போளூரில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அந்தக் காசு அவன் சட்டைப்பையில் இருந்தது. கடையைவிட்டு வெளியேறும் எந்த வண்டியும் அந்தக் காசைத் தாண்டாமல் வெளியேறியதில்லை.

பிப்ரவரியில் பிளேட் எரிந்தது அவனை உறுத்தவில்லை. ஏழு ஆண்டு உழைத்த பிளேட். ஏப்ரலில் உறுத்தியது. புதிய பிளேட் 1,891 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பக்க மூடியைக் கழற்றியதும் தீய்ந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பிளேட்டுகளுக்கு நடுவிலிருந்த இரும்பு வட்டங்கள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. ஸ்பிரிங்கை அளந்தான், சரியாக இருந்தது, இருந்தாலும் மாற்றினான். கேபிள் வழுக்கிக்கொண்டு ஓடியது; அதையும் மாற்றினான். ஜூனில் வண்டி மூன்றாம் முறை வந்து நின்றபோது கடையில் தெரு ஆட்கள் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா சுதாகரு, மூணாந் தபா” என்றார் சந்திரமோகன். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துகிறவர் அல்லர்.

“ஓட்றப்போ லீவரு மேல வெரலு வெச்சிகினே ஓட்றீங்களாண்ணா?”

“நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்போ நீ டவுசரப் புடிச்சிகினு ஓடிகினு இருந்த.”

பெஞ்சு சிரித்தது. சுதாகர் விடவில்லை. “புதுசா ஏதாச்சும் மாத்தினீங்களா? ஆயிலு ஊத்தினீங்களா? வேற எங்கியாச்சும் காட்டினீங்களா?”

“ஒண்ணும் மாத்தல. உன் கையத் தவர வேற கை அதுல படல.”

“அதாம்பா பேஜாரே” என்றார் பெஞ்சிலிருந்த தனகோடி. அவர் வண்டிக்கும் மே மாதத்தில் கிளட்ச் போயிருந்தது. இம்முறை சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக எழுந்தது.

சந்திரமோகன் சிரிக்கவில்லை. சுதாகரின் அருகில் வந்து, பெஞ்சுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: “கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. ஏழு வருசம் ஓடுன பிளேட்ட நீ கழட்டின. நீ போட்டது ரெண்டு மாசம் தாங்கல. போட்டது ஒரிஜினலுதானா?”

“பொட்டிய உங்க மின்னாடிதான்ணா கிழிச்சேன்!”

“பொட்டி ஒரிஜினலு. அத்த நான் இல்லன்னு சொல்லல.”

ஒன்பது ஆண்டில் ஒரு திருகாணியைக்கூடச் சுதாகர் போலியாகப் போட்டதில்லை. வாங்கிய பொருளின் பெட்டித் துண்டைக் கிழித்து நோட்டில் ஒட்டிவைக்கிறவன் அவன். அந்த நோட்டைப் பிரித்துக் காட்டினான். சந்திரமோகன் அதைப் பார்க்கவே இல்லை.

“இந்தத் தபா போட்டுக் குடு. இன்னொரு தபா நின்னுச்சுன்னு வெச்சிக்க, என் வண்டி மட்டும் இல்ல, தெருவு வண்டி ஒண்ணுகூட இங்க வராது. நான் சொல்லவே வாண்டாம். அதுங்களே வராது.”

அது மிரட்டல் அன்று, நிலவரம் என்பது சுதாகருக்குத் தெரிந்தது. அதுதான் அவனை மேலும் எரிச்சலூட்டியது.

அன்று பிற்பகல் எரிந்த பிளேட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஜாரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஜெகநாதனிடம் போனான். பையை மேசைமேல் கவிழ்த்தான்.

“தோ பாரு ஜெகா. நெஜத்தச் சொல்லு. எனுக்கு இன்னா குடுத்த?”

ஜெகநாதன் ஒரு பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், மோந்து பார்த்தார். “இத்த வண்டில போட்டாரா, அடுப்புல போட்டாரா உன் கஸ்டமரு?”

“வெளயாடாத.”

“வெளயாடல நைனா. இதே லாட்டுல எழுவது பொட்டி வித்துக்கீறேன். வந்தவாசிக்குப் போயிக்குது, சேத்துப்பட்டுக்குப் போயிக்குது. ஒருத்தன் திரும்பி வரல. உன் தெருவு ஆளுங்க மட்டுந்தான் வறுத்து எடுத்துகினு வர்றாங்க.”

‘உன் தெரு ஆட்கள் மட்டும்’ என்ற சொல் சுதாகரின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கடைக்குத் திரும்பி நோட்டைப் புரட்டினான். ஜனவரி முதல் ஜூன் வரை அந்தத் தெருவிலிருந்து கிளட்ச் சறுக்கல் என்று வந்த வண்டிகளைத் தனித்தாளில் எழுதிக் கூட்டினான். 7316ஐயும் சேர்த்து ஒன்பது. முந்தைய ஆண்டு முழுவதிலும் அத்தெருவிலிருந்து வந்தது ஒன்று. மற்ற தெருக்களில் எண்ணிக்கை மாறவில்லை. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க, தெரு ஆட்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பது அவனுக்கே விளங்கியது. அவன் அந்தத் தெருக்காரனாக இருந்தாலும் சுதாகரைத்தான் சந்தேகப்படுவான்.

சுமையா என்று யோசித்தான். பாவுச் சுமை பத்தாண்டாக அதே சுமை. சாலையா என்று யோசித்தான். அவர் நாள்தோறும் ஏறும் ஆற்றுப் பாலத்தில் ஊரே ஏறி இறங்குகிறது. மிஞ்சியது ஓட்டும் கை. ஏழு ஆண்டு ஓடியதையும் சேர்த்தால் நான்காவதான கிளட்ச்சை ஜூன் 6 மாலையில் பூட்டி முடித்ததும், சந்திரமோகனையே ஓட்டச் சொல்லிப் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டான். பாலத்தில் ஏறும்போது தோளுக்கு மேலாக எட்டி அவர் இடக்கையைப் பார்த்தான். விரல்கள் கைப்பிடியில் இருந்தன, லீவரைத் தொடவில்லை. கியர் மாற்றும்போது முழுதாகப் பிடித்தார், முழுதாக விட்டார். ஓட்டுநர் பள்ளியில் மாதிரியாகக் காட்டக்கூடிய ஓட்டம். வண்டி இரண்டு பேரையும் சுமந்துகொண்டு முனகாமல் ஏறியது.

“இன்னா, பாஸா ஃபெயிலா?” என்று கேட்டார் சந்திரமோகன்.

“பாஸுதான்ணா” என்றான். ஃபெயில் என்று சொல்ல முடிந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். காசை இடுக்கில் விட்டு எடுத்தான். தாராளமாக நுழைந்தது. வண்டியைக் கொடுத்தனுப்பினான்.

அதன்பின் ஆறு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கைப்பேசி அடித்தால் முதலில் பெயரைப் பார்த்தான். ஜூலை 5 அமாவாசைக்குத் தெரு வண்டிகள் வழக்கமான பதினான்குக்குப் பதிலாக எட்டு வந்தன. வராதவர்கள் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் வேறொரு கடைக்குப் போனதாக ஜெகநாதன் சொன்னார். சுதாகரின் மனைவி அமலா ஒரு மருந்துக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். அவளிடமே ஒரு பெண் வந்து, உங்க வீட்டுக்காரர் நல்ல பிளேட்டைக் கழற்றி விற்கிறாராமே என்று கேட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

“நீ இன்னா சொன்ன?” என்றான் சுதாகர்.

“தண்ணி நெறைய குடிச்சிட்டு மாத்தர போடுங்கன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற? நோட்ட எடுத்துகினு வந்து நான் கடகடன்னு படிச்சிக் காட்டவா?”

காரணம் தெரியாத கோளாறுக்கு எதிரே ஒரு மெக்கானிக்கின் நேர்மை என்பது வெறும் வாய்ச்சொல் ஆகிவிடுகிறது என்பதை அவன் அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டான்.

ஜூலை 23, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்குச் சந்திரமோகன் என்ற பெயர் கைப்பேசியில் ஒளிர்ந்தது.

“பாலத்துல பாதியில நின்னுகினு அலறுது. தள்ளிகினு வீட்டாண்ட வந்துட்டேன். வந்து பாரு. பாத்துட்டு இன்னா சொல்றியோ தெருவு மின்னாடியே சொல்லு.”

கருவிகளையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நெசவுத் தெருவுக்கு அவன் வேலை நாளில் போனதே இல்லை. போகவேண்டிய தேவை வந்ததில்லை. வண்டிகள்தாம் அவனைத் தேடி வந்தன. உள்ளே நுழைந்ததும் இருபுறமும் தறிகளின் சத்தம். வீடுகளின் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. 7316 மூன்றாவது வீட்டின் முன்னால், இருக்கையில் பாவு மூட்டையோடு நின்றது. சந்திரமோகன் சுவரில் சாய்ந்து நின்றார். தனகோடியும் இன்னும் இருவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

சுதாகர் வழக்கப்படி சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு குனிந்தான். காசு நுழையவில்லை.

அழுத்தினான். எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. அப்போதுதான் லீவரைப் பார்த்தான். நுனி முதல் அடி வரை அரக்கு நிறப் பட்டு இழைகள் அதன்மேல் வரிவரியாக, ஓர் இழைகூட மேலேறாமல், மோதிரக் கட்டுப்போல இறுகச் சுற்றப்பட்டிருந்தன. சுற்று முடியுமிடத்தில் ஒரு முடிச்சு. கடலைப்பருப்பளவு முடிச்சு. அது சரியாக லீவருக்கும் பிடிமானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உட்கார்ந்திருந்தது. லீவர் முழுதாகத் திரும்ப முடியாமல், யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒரு விரலால் எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பதைப்போல நின்றது.

“இது இன்னாண்ணா?” என்றான்.

“எது?”

“இது. இந்த நூலு.”

“அதுவா? பாவு முடிஞ்சா தறியில மீறுற பட்டுபா. கைக்குச் சுத்திக்கீறோம்.”

“எப்போலேர்ந்து?”

“பொங்கலுலேர்ந்து.” சந்திரமோகன் பொறுமையாக விளக்கினார். ஜனவரியில் அவர் வீட்டுச் சந்தன நிறச் சேலை ஒன்று சேலைக் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. சேலையின் உடலில் கருப்பாக நான்கு விரல் தடம். லீவரின் கருப்புப் பூச்சு வியர்வையில் கரைந்து விரலில் ஏறி, விரலிலிருந்து பட்டுக்கு ஏறியிருந்தது. அன்றைக்கே அவர் மனைவி பரிமளா லீவருக்குப் பட்டு சுற்றிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் தங்கள் வண்டிக்கும் சுற்றிக்கொண்டார்கள்.

“நான் போன தபாவே கேட்டேனே! புதுசா ஏதாச்சும் மாத்தினீங்களான்னு கேட்டேனே!”

“வண்டில ஒண்ணும் மாத்தலியே” என்றார் சந்திரமோகன், உண்மையாகவே புரியாமல். “இது வண்டி சாமானா? இது தறி சாமான்.”

சத்தம் கேட்டுப் பரிமளா வாசலுக்கு வந்தாள். சுதாகர் அவளிடம் திரும்பினான். “க்கா, கடைக்கு வர்றப்போ இது இருக்கறதே இல்லியே, ஏன்?”

“அமாவாசன்னிக்கு அவுத்து அலசுவோம் தம்பி. நீயும் ஆயில் கையோட தொடுவ, கறை ஏறிப்பூடும். மறாநாளு காலைல காஞ்சதும் திரும்பச் சுத்திடுவேன்.” தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்தாள்: “எல்லார் வூட்லயும் அப்பிடித்தான்.”

சுதாகர் கத்தியை எடுத்தான். “அறுக்காத, அறுக்காத!” என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் எழுந்தன. பரிமளா வந்து நகத்தால் முடிச்சை நெகிழ்த்தினாள். நெசவுக்காரர் முடிச்சு, லேசில் அவிழவில்லை. முழுதாக இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடமும் அவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முடிச்சு விலகியதும் லீவர் ‘டக்’ என்று ஒரு நூல் அளவு முன்னே வந்து விழுந்தது. காசு நுழைந்தது. எடுத்தான். மறுபடியும் நுழைத்துக் காட்டினான். தனகோடி குனிந்து பார்த்துவிட்டுத் தம் வண்டி இருந்த திசையில் ஒரு முறை பார்த்தார்.

“ஒரு துளியூண்டு முடிச்சு” என்றார் சந்திரமோகன். “அது போயி இரும்ப எரிச்சிதுன்ற.”

“நாளெல்லாம் கிளட்ச்சப் பாதி புடிச்சிகினே ஓட்டின மாதிரிண்ணா. மூணு செட்டு. மூணும் ஒரிஜினலு. மூணையும் இதுதான் வறுத்துச்சு.”

சந்திரமோகன் பட்டுச் சுருளைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மன்னிப்பு வரும் என்று சுதாகர் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

“ஏம்பா, இத்த மொத தபாவே பாத்துச் சொல்லி இருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல பாரு” என்றார் அவர்.

சொல்வதற்குச் சுதாகரிடம் நிறைய இருந்தது. ஆனால் பையிலிருந்த நோட்டில் அவன் கையெழுத்திலேயே இரண்டு வரிகளும் இருந்தன. பிப்ரவரி 9: நூல் துணுக்கு, ஊதி எடுத்தது. ஜூன் 6: நூல்; ஊதி எடுத்தது. இந்த ஊரில் நூல் எங்கேதான் இல்லை? சோற்றில் இருக்கும், சட்டையில் இருக்கும், பேருந்து இருக்கையில் இருக்கும். ஒன்பது ஆண்டு இந்த ஊரில் இருந்ததால் அவன் அதை ஊதினான். வேறு ஊர்க்காரன் எவனாவது ஏன் இது இங்கே என்று கேட்டிருப்பான். அவன் எரிச்சல் அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது தன்பக்கம் திரும்பியது.

“பிளேட்டு மாத்தணும்ணா. வண்டிய எடுத்துகினு போறேன்.”

“எடுத்துகினு போ. ஜல்தியாக் குடு, நாளிக்கு நாலு ஊருக்குப் போவணும்.”

“டூப்ளிகேட்டுன்னு தெருவுல சொன்னீங்களே...”

“நான் எங்கப்பா சொன்னேன்? கேட்டேன்.” பிறகு, பரிமளாவின் பார்வையைத் தாங்காமல், வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: “நான் போயி வூட்டு வூட்டுக்கு நூல அவுருன்னு சொன்னா சிரிப்பானுங்க. நீ மெக்கானிக்கு. நீ சொல்லு. யாராச்சும் கேட்டா சந்திரமோகன் வூட்லதான் கண்டுபுடிச்சதுன்னு சொல்லிக்கோ.”

அவ்வளவுதான் கிடைக்கும் என்று சுதாகருக்குப் புரிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தான். ஒரு புதிய பக்கத்தில் தேதியையும் தெருவின் பெயரையும் எழுதி, மூன்று பத்தி கோடு போட்டான். காசை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு தெருவின் முதல் வீட்டுக்கு நடந்தான். “வண்டியத் தொடலாங்களா?” என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டான். கையைத் துடைத்துக் காட்டிய பிறகே தொடவிட்டார்கள். தறிச் சத்தம் சில வீடுகளில் நின்றது, சிலவற்றில் நிற்கவில்லை. கடைசி வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

2024 ஜூலை 23, செவ்வாய். தெருவில் நின்ற வண்டிகள் முப்பத்தொன்று. லீவரில் பட்டு சுற்றியவை பத்தொன்பது. காசு நுழையாதவை பதினொன்று.